மரநாய், கீரி கடித்த கோழிக்குச் சிகிச்சை

வீட்டு வளவிலே வளர்க்கப்படும் கோழிகளுக்குப் பகலிற் கீரியாலும், இரவில் மரநாயாலும், எந்நேரமும் கட்டாக்காலி நாய்களாலும் அபாயம் நேர்வதுண்டு. கடிபட்ட கோழியை, "இனி இது தப்பாது" எனக் கைவிட்டுவிடுவோர் பலர். ஆயினும் கோழியின் தோலும் தசையும் நன்கு ஆறும் இயல்புடையன. முட்டையிடும் நல்ல பேடொன்றை இழந்துவிடாதிருக்கக் கீழ்க்காணும் முறைகளைக் கைக்கொள்க.

முதலில் உங்களைக் காத்துக்கொள்க

நாய், கீரி, மரநாய் ஆகியவற்றின் உமிழ்நீரில் நீர்வெறுப்பு நோய்க் கிருமி இருத்தல் கூடும். ஆதலின் கையுறை அணிந்தே கோழியைத் தூக்குதல் வேண்டும். கோழியை மீட்கும்போது அவ்விலங்கு உங்களைக் கடித்தாலோ கீறினாலோ, அவ்விடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. சிறு கீறல்தானே என்று தாமதித்தல் ஆகாது.

இரத்தம் பெருகினால்

சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, ஐந்து நிமிடம் எடுத்துப் பாராமல் அழுத்திப் பிடிக்க. கோழி மார்பெலும்பை அசைத்தே மூச்சு விடுகின்றது. எனவே மார்பை இறுகப் பிடித்தல் கூடாது. இரத்தம் நின்றபின், வைக்கோல் பரப்பிய பெட்டியில் இட்டு, இருளும் இளஞ்சூடும் அமைதியுமுள்ள இடத்தில் வைக்க. அச்சத்தால் ஏற்படும் அதிர்ச்சியே பல கோழிகளைக் கொல்கின்றது. நீரை அருகில் வைக்கலாம். வாயில் ஊற்றுதல் கூடாது. நாவின் அடியிலுள்ள மூச்சுத்துளையினுள் நீர் புகுந்துவிடும்.

காயத்தைக் கழுவுதல்

கோழி சற்றுத் தெளிந்ததும் உடல் முழுவதையும் சோதிக்க. பல் பதிந்த சிறு துளைகள் இறகினுள் மறைந்திருக்கும். வெளியே சிறிதாகத் தோன்றினும் உள்ளே ஆழமாக இருக்கும். சுற்றியுள்ள இறகுகளைப் பிடுங்காது கத்தரிக்க. கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்நீரால் அழுக்கு நீங்கும்வரை கழுவுக. பின்னர்ப் பொவிடோன் அயடீனை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீரிற் கலந்து இடுக. துளைக்காயத்தைத் தைத்தோ இறுகக் கட்டியோ மூடினால் உள்ளே சீழ் தங்கும். சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்பவற்றைப் பூசாதீர்கள். இவை தசையை எரிக்கும் அல்லது அழுக்கைச் சேர்க்கும்.

பின் கவனிப்பு

காயம் ஆறும்வரை கோழியைத் தனியே வைக்க. சிவந்த காயத்தைக் கண்ட பிற கோழிகள் அதனைக் கொத்திப் பெரிதாக்கும். காலை மாலை இருவேளையும் காயத்தைப் பார்க்க. இலையான் இடும் முட்டைகள் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடக் கூடும். ஆதலின் பெட்டியை நுளம்பு வலையால் மூடி, எச்சத்தை நாடோறும் அகற்றுக.

காயத்திலிருந்து காற்றுக்குமிழி வந்தால் காற்றுப்பை கிழிந்துள்ளது. அதனுள் நீர் ஊற்றாதீர்கள். தீன்பை கிழிந்து தீன் வெளியே வரல், எலும்பு முறிதல், துர்நாற்றம் வீசுதல், ஒரு நாளாகியும் தீன் எடாதிருத்தல் என்பன தோன்றினும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை உடனே நாடுக. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை வைத்தியர் கூறினால் மட்டுமே கொடுத்து, அவர் குறிக்கும் நாள்வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணாது விடுக. பிழைக்க வழியில்லையென வைத்தியர் கூறின், வேதனை நீடிக்காமல் முடிப்பதே இரக்கமாகும். கடிபட்டு இறந்த கோழியை உண்ணாது ஆழப் புதைக்க.

கூட்டைப் பழுது பார்க்க

ஒருமுறை இரை கண்ட விலங்கு மீண்டும் அவ்விடம் வரும். அன்று மாலைக்குள் கூட்டின் இடைவெளிகளை அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான கம்பிவலையால் அடைத்து, வலையின் அடிப்பாகத்தை ஓரடி ஆழத்திற்கு மண்ணுட் புதைக்க. மரநாய் ஏறுமாதலின் கூரையையும் சோதிக்க. பொழுது படுமுன் கோழிகளை எண்ணி அடைத்துக் கதவைப் பூட்டுவீர்களாயின், இச்சிகிச்சைக்கே பெரும்பாலும் தேவை நேராது.