ஒரே சொட்டில் நீலம்!

வாங்க, உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்! குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் இவ்வளவு வண்ண விளையாட்டு நடப்பது பலருக்குத் தெரியாது.

மேசை முழுக்கக் கேன்கள். எல்லாம் ஊர்க் கிணறுகளின் தண்ணீர், எல்லாமே பளிங்கு போலத் தெளிவு. எது நல்லது, எது கெட்டது? கண் தோற்றுப்போகும் இடம் இது.

முதலில் கடினத்தன்மை. குடுவையில் தண்ணீர் எடுத்து ஒரு கரைசலை விடுகிறார்கள். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கிறது. ஒரு சிட்டிகைப் பொடி விழுந்ததும் ஒயின் சிவப்பு! பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. என்ற கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்க, குடுவை சுழல்கிறது. சிவப்பு, ஊதா... அடடா, ஒரே சொட்டில் நீலம்! எத்தனை மில்லி இறங்கியதோ, அதை வைத்துத்தான் கணக்கு. லிட்டருக்கு 200 மி.கி. வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை 10500.

ஃபுளோரைடுக்கு நேர்மாறான வித்தை. சிவப்புச் சாயம் வெளுக்க வெளுக்க ஃபுளோரைடு அதிகம். 1.5 மி.கி.யைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. குழந்தைகளின் பல்லில் கறை ஏறும், முற்றினால் எலும்பே வளையும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகள் கிணறுகளுக்குக் கொடுத்த இந்தத் தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் காவிரி நீர் குழாயேறி அங்கே வந்தது. ஃபுளோரைடுக்கு ருசியும் இல்லை, வாசமும் இல்லை. காய்ச்சினாலும் போகாது!

எனக்கு ரொம்பப் பிடித்தது கிருமி மூலைதான். ஊதா நிறக் குழம்புக்குள் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாக நிற்கிறது. தண்ணீரைச் சேர்த்து இன்குபேட்டரில் 37 டிகிரியில் வைத்துவிடுகிறார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ திறந்தால், கோலிஃபார்ம் என்ற கிருமி இருந்த குழம்பு மஞ்சளாகி, குட்டிக் குழாயின் உச்சியில் வாயுக் குமிழி! கழிவுநீர் கசிந்திருக்கலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. 100 மில்லி குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மழை முடிந்ததும் உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் கொடுத்துப் பாருங்கள். உப்பு, ஃபுளோரைடு பார்க்க, அதே தண்ணீரில் அலசிய சுத்தமான கேன் போதும். கிருமி பார்க்க மட்டும் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். அதன் வாயைத் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கூடத்தில் சேர்த்துவிடுங்கள்.