ஏரிப் பாசியும் அடிச்சேறும்

குமாவோன் மலைகளிடையே, கடல் மட்டத்திற்கு மேல் 1,900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ள நைனிதால் ஏரி உல்லாசப் பயணிகளின் கண்ணுக்கு விருந்தளிப்பதோடு நில்லாமல், அந்நகரின் குடிநீருக்கும் ஆதாரமாக விளங்குகிறது. ஆதலின் அதன் நீர் பச்சை நிறம் கொள்வதை வெறும் அழகுக் குறைவென்று கருதிவிட முடியாது. நீலப்பசும் பாசி வகைகளுட் சில, கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்க வல்லவை. நீரைக் கொதிக்க வைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை.

பாசி படர்ந்த நீரில் மயில்துத்தத்தைக் கரைத்து விடுவது பழைய வழக்கம். பாசி மடிவது உண்மையே. எனினும் மடியும் பாசியின் உயிரணுக்கள் உடைந்து, உள்ளிருந்த நஞ்சும் உரச்சத்தும் நீரிலேயே கலக்கின்றன. அழுகும் பாசி நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுவதால் மீன்கள் மாள்கின்றன. செம்போ அடிச்சேற்றில் தங்கிவிடுகிறது. சில வாரங்களில் பாசி மீண்டும் தோன்றுகிறது.

பாசி செழிப்பதற்கு முதன்மையான காரணம் பாஸ்பரஸ் ஆகும். 1973ஆம் ஆண்டில் கானடாவின் ஒண்டேரியோ மாகாணத்தில், ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தனர். இரு பகுதிகளிலும் கரியும் நைட்ரஜனும் சேர்க்கப்பட்டன. ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. அப்பகுதியே பச்சையாயிற்று. உலர்ந்த பாசியின் எடையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 1 சதவீதமேயாதலால், ஒரு கிலோ பாஸ்பரஸ் சுமார் 100 கிலோ உலர்பாசிக்குப் போதுமானது. சாக்கடை நீரும் சலவைக் கழிவும் இச்சத்தைத் தாராளமாகக் கொணர்கின்றன. 1880ஆம் ஆண்டின் கொடிய நிலச்சரிவுக்குப் பின், மழைநீரை வடிப்பதற்கென நைனிதால் சரிவுகளில் கட்டப்பட்ட கால்வாய்களே பிற்காலத்தில் நகரக் கழிவையும் ஏரிக்குள் சேர்க்கலாயின என்பது வருந்தத்தக்கது.

கழிவைத் தடுத்துவிட்டால் மட்டும் ஏரி உடனே தெளிந்து விடுமோ? விடாது. கோடையில் மேல்நீர் வெப்பமுற்று இலேசாகி, கீழேயுள்ள குளிர்ந்த நீரோடு கலவாமல் நிற்கிறது. அடிநீரில் பிராணவாயு தீர்ந்து போகிறது. அந்நிலையில், அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் கரைகிறது. குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்குகையில் ஏரி முழுவதும் கலங்குகிறது. பாசிக்குரிய உணவு மேலே வருகிறது. பிராணவாயுவற்ற அடிநீரும் உடன் கலப்பதால் நைனிதாலில் மீன்கள் செத்து மிதந்த குளிர்காலங்கள் உண்டு.

இதனைக் கருதியே 2007ஆம் ஆண்டு முதல் அங்கு ஏரியின் அடியில் குழாய்கள் பதித்து, கரையிலுள்ள இயந்திரங்களின் மூலம் காற்று செலுத்தப்படலாயிற்று. பிராணவாயு உள்ளவரை இரும்பு தன் பிடியைத் தளர்த்துவதில்லை. மீன்களிலும் மாற்றம் செய்யப்பட்டது. கொசுப் புழுக்களைத் தின்னுமென்று நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் விடப்பட்ட கம்பூசியா மீன், பாசியை மேயும் நுண்பிராணிகளையும் தின்றுவிடுகிறது. ஓர் உபகாரம் கருதிச் செய்தது இவ்வாறு வேறோர் இடத்தில் தீங்காய் முடிந்தது! ஆகவே அம்மீன்களைப் பிடித்து அகற்றி, மஹசீர் குஞ்சுகளை விட்டனர்.

எல்லா ஏரிகளுக்கும் இம்முறை பொருந்தாது. சமவெளி நகரங்களின் ஏரிகள் பெரும்பாலும் ஆழமற்றவை. காற்றடித்தாலே அடிவரை கலங்கிவிடும். அவற்றில் சாக்கடையை வேறு வழியில் திருப்பிய பின்னர், கோடையில் நீர் வற்றியிருக்கும் காலத்தில் சேற்றை வாரி அப்புறப்படுத்துவதே தக்க முறையாகும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்தால் முதல் மழையில் அது மீண்டும் ஏரிக்கே வந்து சேரும்.