ஆகாயத்தில் பறக்கும் கனரக வண்டிகள்

1962 அக்டோபர் இறுதியில், லடாக்கிலுள்ள சுஷுல் விமானத் தளத்தில் ஆன்டனோவ்-12 ரகப் போக்குவரத்து விமானங்கள் ஏ.எம்.எக்ஸ்.-13 டாங்கிகளைக் கொண்டுவந்து இறக்கின. அத்தளம் கடல் மட்டத்திற்கு 4,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. டாங்கி ஒன்றின் எடை ஏறத்தாழ 15 டன். அவ்விமானம் தாங்கக்கூடிய உச்ச அளவோ 20 டன். அதுவும் காற்று அடர்ந்த சமவெளிக்குரிய கணக்கு. இத்தகைய பாரத்தை விமானத்தில் எங்கே நிறுத்துவது, எவ்வாறு பிணைப்பது என்பவை பள்ளிப் பௌதிகத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளக் கூடியவை.

முதலில் நிறுத்தும் இடத்தைக் கவனிப்போம். விமானத்தின் மொத்தப் புவியீர்ப்பு மையம் குறித்த ஓர் எல்லைக்குள் அமைய வேண்டும். ஆகவே, ஏற்றப்படும் ஒவ்வொரு வண்டியின் மையமும் முன்னரே தெரிந்திருத்தல் அவசியம். வண்டியின் முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே எடைமேடையில் நிறுத்தினால் இது எளிதிற் கிடைக்கும். முன்னச்சின் மீது 3,000 கிலோகிராமும் பின்னச்சின் மீது 5,000 கிலோகிராமும் விழுவதாகவும், அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் இருப்பதாகவும் கொள்வோம். 5,000-ஐ 4-ஆல் பெருக்கி, மொத்த எடையாகிய 8,000-ஆல் வகுக்க, முன்னச்சிலிருந்து 2.5 மீட்டரில் மையம் அமைகிறது. அவ்விடத்தை வண்டியின் இரு பக்கங்களிலும் சுண்ணக்கட்டியாற் குறித்துவிடுவர். வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் உதாரணம்.

தளத்தின் வலிமை மற்றொரு கவலை. மொத்த எடையை விமானம் தாங்கினாலும், ஒரு சக்கரத்தின் கீழுள்ள சிறு பரப்பு அதைத் தாங்காது போகலாம். இதற்காகவே மரப்பலகைகளைப் பரப்புகின்றனர். பலகையினூடே பாரம் சாய்வாகப் பரவுவதால், சக்கரம் அழுத்தும் பரப்பு நாற்புறமும் ஏறத்தாழப் பலகையின் கனத்தளவு விரிகிறது.

இனிப் பிணைக்கும் முறை. இத்துணைப் பெரிய வண்டி தன் எடையினாலேயே அசையாது நிற்குமே என்று சிலர் எண்ணுவர். இது தவறு. விமானம் திடீரென வேகம் குறையும்போது, எடை மிகுந்த வண்டியைச் சடத்துவம் அந்த எடைக்கு ஏற்பவே மிகுதியாக முன்னோக்கித் தள்ளும். மேலும், காற்றுக் கொந்தளிப்பில் விமானம் சட்டெனக் கீழிறங்குகையில் வண்டி தளத்தை அழுத்துவதே குறைந்துவிடும்; அப்போது உராய்வை நம்பிப் பயனில்லை. அமெரிக்க இராணுவ விதிகளின்படி, கட்டுமானம் முன்னோக்கி வண்டியின் எடையைப்போல் 3 மடங்கும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 1.5 மடங்கும், மேல்நோக்கி 2 மடங்கும் விசையைத் தாங்க வேண்டும்.

15,000 கிலோகிராம் வண்டிக்கு முன்னோக்கிய தேவை 45,000 கிலோகிராம் விசை. ஒரு சங்கிலியின் வலிமை 4,500 என்றால் பத்துச் சங்கிலிகள் போதும் என்று தோன்றும். ஆனால் சங்கிலி சாய்வாகவே செல்கிறது. தளத்தோடு 30 பாகையும், விமானத்தின் நீள அச்சோடு 30 பாகையும் சாய்ந்திருப்பின், அதன் வலிமையில் முக்கால் பங்கே முன்னோக்கிய விசைக்கு எதிராகப் பயன்படும். எனவே 14 சங்கிலிகள் தேவை. இரு கோணங்களும் 45 பாகையானால் பாதியே பயன்படும். 20 சங்கிலிகள் வேண்டும். அவற்றை இரு பக்கமும் சமமாகப் பகிர்ந்து கட்டுதல் வேண்டும். சங்கிலி கோக்கப்படும் தளவளையம் அதைவிட வலிமை குறைந்ததாயின், வளையத்தின் அளவையே கணக்கிற்கொள்ள வேண்டும். நைலான் பட்டை நீளும், சங்கிலி நீளாது. ஒரே திசையில் இரண்டையும் கலந்து கட்டினால் பாரம் முழுவதும் சங்கிலியின் மீதே விழும்.

இக்கணக்குத் தவறினால் நேர்வதற்கு, 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் நிகழ்ந்த விபத்து சான்றாகும். ஐந்து கவச வண்டிகளை ஏற்றிச் சென்ற போயிங் 747-400 சரக்கு விமானம் கிளம்பிய சில கணங்களிலேயே வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். பாரம் பின்னே நகர்ந்து விமானத்தின் சமநிலையைக் கெடுத்ததே காரணம் என்று பலர் கருதினர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது வேறு. சமநிலை மாறியதை மட்டும் விமானிகள் சமாளித்திருக்க முடியும். ஆனால் கட்டவிழ்ந்த வண்டி, இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளையும் வாலிலுள்ள கிடைநிலைச் சிறகை இயக்கும் பொறியையும் சேதப்படுத்திவிட்டது. அதன்பின் விமானத்தைக் கட்டுப்படுத்த வழியில்லை. நிறுவனத்தின் பிணைப்பு நடைமுறைகள் போதாமையே மூலகாரணம் என்றும் வாரியம் கூறிற்று. கட்டியவர் கை தளர்ந்ததன்று. அவருக்குக் கொடுக்கப்பட்ட நடைமுறையே குறையுடையது.

இவ்விபத்தில் கவனிக்கத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. முந்தைய பயணத்திலேயே ஒரு பட்டை அறுந்திருந்ததையும் பாரம் சற்று அசைந்திருந்ததையும் பற்றி விமானக் குழுவினர் பேசிக்கொண்டது ஒலிப்பதிவில் இருந்தது. அறுந்த பட்டைக்குப் பதில் புதிய பட்டை கட்டுவது எளிது. அது ஏன் அறுந்தது என்று கோணங்களையும் எண்ணிக்கையையும் மீண்டும் கணக்கிடுவதே வேண்டியிருந்த வேலை. வண்டி தன் வில்களிலும் டயர்களிலும் ஓயாது அமிழ்ந்தெழும் இயல்புடையது. உடலை மட்டும் கட்டினால் கட்டு தளர்ந்து தளர்ந்து இறுகும். ஆதலின் அச்சுகளையும் சட்டத்தையும் பிணைத்து, பறக்கத் தொடங்கிய பின்னரும் ஒவ்வொரு கட்டையும் பார்த்து இறுக்குவது அனுபவமுள்ளோர் வழக்கம்.