சிலிண்டருக்கு ஒரு தனியறை

சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. சிலிண்டரை வாகனத்தில் எங்கே, எப்படிப் பொருத்துவது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது. இலங்கையில் நாம் வாங்குவது புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் சேர்ந்த கலவை. புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலெழுந்து கலைந்து போகாது. தண்ணீரைப்போலத் தரையோடு ஓடி, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கி நிற்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து தீவகத்துக்கு, பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும், பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கும் வாகனம் போகும். பழைய ஹயஸ் வானுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொண்டு சாட்டிக் கடற்கரையிலோ கசூரினாக் கடற்கரையிலோ இரவு தங்க நினைப்பவர்களுக்கும், வானிலேயே கொத்துரொட்டி போட்டு விற்க நினைப்பவர்களுக்கும் முதலில் வரும் கேள்வி, சிலிண்டரை எங்கே வைப்பது என்பதுதான். பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பால் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். அல்லது பின்கதவுக்கு வெளியே இரும்புச் சட்டம் ஒட்டித் தொங்கவிடுகிறார்கள். இரண்டையும் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ திரவ எரிவாயு ஆவியானால் ஏறத்தாழ 450 லீற்றர் வாயுவாகும். காற்றில் அது ஏறத்தாழ 2 வீதம் கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். 8 கன மீற்றர் கொள்ளும் வானுக்குள் அந்த 2 வீதத்தை எட்ட 350 கிராம் வாயு போதுமானது. 12.5 கிலோ சிலிண்டரில் இது முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதுவும் வான் முழுக்கச் சமமாகப் பரவினால்தான் இந்தக் கணக்கு. வாயு தரையில் தேங்குவதால் இதைவிடக் குறைந்த அளவிலேயே கட்டிலுக்கு அடியில் ஆபத்தான கலவை உருவாகிவிடும். மேலே படுத்திருப்பவரின் மூக்குக்கு அந்த மணம் எட்டாமலும் போகலாம். மணமில்லாத இந்த வாயுவில் எதைல் மேர்கப்டனைக் கலப்பதே கசிவை மூக்கு கண்டுபிடிக்கட்டும் என்றுதான். ஆனால் தூங்குகிறவரை அது எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது. காவோலையும் பன்னாடையும் ஊமலும் எரித்த தீவகத்துக் குசினியில் புகை கண்ணைக் கரித்தது உண்மைதான், ஆனால் நெருப்பு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது; கசிந்த வாயு அப்படித் தெரியாது.

ஆகவே சிலிண்டருக்கு வாகனத்தில் ஒரு தனியறை வேண்டும். உறங்கும், சமைக்கும் பகுதியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. கதவு வெளிப்பக்கம்தான் திறக்கவேண்டும். அதன் தரையில் நேரே வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஓட்டை ஒன்று கட்டாயம். முகாம் வாகனங்களின் எரிவாயு அமைப்புக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1949, தரையில் மட்டும் காற்றோட்டம் வைப்பதானால் அறைத் தரைப்பரப்பில் 2 வீதமும், எப்படியும் 100 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் திறப்பு இருக்கவேண்டும் என்கிறது. 40 சென்ரிமீற்றர் சதுர அறைக்கு 2 வீதம் 32 சதுர சென்ரிமீற்றர்தான் வரும். ஆனால் 100க்குக் குறையக்கூடாது என்பதால் பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் ஓட்டை வெட்டவேண்டும். மேலே வலை அடிக்கலாம், ஆனால் வலைக்கம்பிகள் மறைக்கும் பரப்பைக் கழித்த பிறகும் அந்த அளவு மிஞ்சவேண்டும். ஓட்டைக்கு நேர் கீழே புகைக்குழாய் ஓடக்கூடாது. சாமான் வைக்க இடம் போதாமல் அந்த அறைக்குள் பழைய துணியைத் திணித்து ஓட்டையை அடைத்துவிட்டால், அறை கட்டியதில் பலனே இல்லை.

அடுத்தது நிறுத்தும் முறை. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். மேலே சிறு இடைவெளியில்தான் ஆவி. நிரப்பும்போது ஏறத்தாழ 80 வீதத்தோடு நிறுத்துகிறார்கள். வெயிலில் இந்தத் திரவம் தண்ணீரைவிடப் பல மடங்கு விரிவதால் மேலே இடம் வேண்டும். வால்வு அந்த ஆவிப் பகுதியில் இருப்பதால், நிமிர்த்தி வைத்தால் ஆவி மட்டுமே ரெகுலேற்றருக்குப் போகும். படுக்கவைத்தால் திரவமே பாயும். திரவம் வெளியேறி ஆவியாகும்போது அதன் கனவளவு 250 மடங்குக்கு மேல் பெருகும். வாகனத்தின் அடிப்பகுதியில் கிடையாகப் பொருத்தவென்று தனியாகச் செய்யும் தாங்கிகள் உண்டு. வீட்டுச் சிலிண்டர் அந்த இனமல்ல.

கட்டும் பலத்தைப் பற்றிப் பலர் குறைத்தே எண்ணுகிறார்கள். 12.5 கிலோ சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்த்து, நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 26 கிலோ. எரிவாயுவில் ஓடும் கார்களின் தாங்கிகளுக்கான ஐ.நா.வின் 67ஆம் ஒழுங்குவிதி, பயணத் திசையில் புவியீர்ப்பைப்போல 20 மடங்கு விசையையும் பக்கவாட்டில் 8 மடங்கையும் பிடிப்புகள் தாங்கவேண்டும் என்கிறது. அதே அளவுகோலை இங்கே வைத்தால், மோதும் கணத்தில் நம் சிலிண்டர் 520 கிலோ எடையுள்ள பொருளாக முன்னோக்கிப் பாய முயலும். சைக்கிள் ரியூப் என்ன செய்யும்? அடிவளையம் நழுவாத கிண்ணமும், உடலின் கீழ்ப்பகுதியிலும் மேற்பகுதியிலும் ஒவ்வொரு உலோகப் பட்டியும் வேண்டும். போல்ற்றுகள் தகரத்தில் மட்டும் நிற்காமல் சட்டகத்தில் ஏறவேண்டும். முடியாவிட்டால் மறுபக்கம் தடித்த தகடு வைத்து முடுக்கவேண்டும். பின்கதவில் சிலிண்டர் தொங்கினால், பின்னால் வரும் லொறி முட்டும்போது முதல் அடி அதன்மேல்தான் விழும். கூரையில் வைத்தால் வெயிலும் ஆட்டமும் சேரும்.

தீவகத்தில் இன்னொரு எதிரி உப்பு. சோளகம் வீசும் மாதங்களில் புங்குடுதீவுத் தாம்போதியில் ஒருமுறை ஓடி வந்த வானின் கண்ணாடியை விரலால் தடவினால் உப்புப் பிசுபிசுக்கும். அதே உப்பு பட்டியின் மடிப்பிலும் போல்ற்றின் புரியிலும் ஏறுகிறது. சிலிண்டரில் முதலில் கறள் பிடிப்பது அடிவளையம். தட்டையான தகரத்தின்மேல் வைத்தால் அடியில் ஈரம் வற்றாமல் நிற்கும். மேலே பளபளக்கும் பூச்சைக் கண்டு ஏமாறக்கூடாது. சிலிண்டரைச் சரித்து வளையத்தின் உட்பக்கத்தைப் பார்க்கவேண்டும். செதில் செதிலாக உரிந்தால் அதை வாங்காமல் கடையிலேயே மாற்றிக் கேட்கலாம். அறையின் தரையில் துளையிட்ட றப்பர் விரிப்பு போட்டால் தண்ணீர் வடியும். போல்ற்றுகளுக்குப் படகு வேலைக்காரர் பாவிக்கும் 316 ரக ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஏற்றது.

சிலிண்டர் தானாக வெடிப்பது அபூர்வம். கசிந்த வாயு தீப்பற்றுவதே வழக்கம். கசிவோ பெரும்பாலும் ரெகுலேற்றரிலும் குழாயிலும் இணைப்பிலும்தான். 2021 நவம்பரில் இலங்கையின் பல மாவட்டங்களில் வீட்டு அடுப்புகளும் குழாய்களும் அடுத்தடுத்து வெடித்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இதை ஆராய நியமிக்கப்பட்ட குழு, கலவையின் விகிதம் மாறியதை முக்கிய காரணமாகச் சுட்டியது. விகிதம் ஏன் அவ்வளவு முக்கியம்? 30 பாகை செல்சியஸில் தூய புரொப்பேனின் அமுக்கம் வளிமண்டலத்தைப்போல ஏறத்தாழ 10 மடங்கு. பியூட்டேனுடையது 3 மடங்குக்குள். புரொப்பேன் கூடினால் அமுக்கமும் ஏறும், தளர்ந்த இணைப்பு தாங்காது. வாகனத்தில் இதோடு குலுக்கலும் சேர்கிறது. ஆகவே றப்பர்க் குழாயை நீளம் குறைவாக வைத்து, மிச்சத்தூரத்துக்குச் செப்புக் குழாய் போட்டு, தகரத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களில் றப்பர் வளையம் மாட்டி, கிட்டக்கிட்டக் கொளுவி போட்டு இறுக்கவேண்டும். சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் பூசி, வால்வைத் திறந்து பார்த்தால், கடுகளவு கசிவும் குமிழாக ஊதிக் காட்டும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

எரிவாயுக் கசிவைக் கண்டு ஒலிக்கும் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்தவேண்டும். அடைத்த வானுக்குள் அடுப்பு எரித்தால் காபனோரொட்சைட்டு வேறு சேரும். அதற்குத் தனிக் கருவி வேண்டும். சமைக்கும்போது யன்னலும் திறந்திருக்கவேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது.

ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு மிதவைப் பாதையில் வாகனத்தை ஏற்றும்போதும் அப்படியே. குறிகட்டுவானில் வானை நிறுத்திவிட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுபவர்கள், வால்வை மூடி ரெகுலேற்றரையும் கழற்றிவிட்டுப் போவது நல்லது. வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டி அது. சிறு சிலிண்டரைப் படகில் கொண்டுபோவதானால் கீழ்த்தட்டில் வைக்கவேண்டாம். கசிந்த வாயு படகின் அடிவயிற்றில் இறங்கினால் வெளியேற வழியில்லை, இயந்திரமும் அங்கேதான் இருக்கிறது. காற்றுப்படும் மேற்தட்டில், நிமிர்த்தி, கயிற்றால் கட்டி வைக்கும்படி படகோட்டியிடம் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள்.