பாடியே பிளஸ்!

என் 1954 மோரிஸ் மைனர் மார்கழிக் குளிரில் மக்கர் பண்ணினால், உதவ நினைப்பவர் ஜம்பர் கேபிளோடு வந்து நிற்பார். நல்ல மனசுதான். ஆனாலும் முதலில் அவர் கையைத்தான் பிடித்து நிறுத்துவேன்.

இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். மைனரில் பிளஸ் முனை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் இப்படித்தான். வழக்கம்போலக் கறுப்பு கேபிளை மைனரின் பாடியில் கவ்வினால் நேரே ஷார்ட், கேபிளே உருகும். இரண்டு வண்டிகளின் பம்பரும் உரசவே கூடாது.

உதவ வந்த காரை அணைத்துவிட்டு, மைனஸை மைனஸோடு இணைக்கிறேன். பிறகு அந்தக் காரின் பிளஸ் முனையில் சிவப்புக் கவ்வி. அதன் மறுமுனை மைனரின் என்ஜினில், பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். கடைசிப் பொறி அதன் பக்கத்தில் பறக்கக் கூடாது. கழற்றும்போது இதே கவ்விதான் முதலில்.

எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த புதுக் காரென்றால் அதைத் தொடவே மாட்டேன். தனி 12 வோல்ட் பேட்டரி போதும். பழைய பீட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் வோல்டேஜைப் பாருங்கள்: பல வண்டிகள் 6 வோல்ட்.

சொல்லப்போனால், எனக்குப் பிடித்தது கிராங்க் கம்பிதான். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கம்பியைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். கட்டை விரல் மற்ற விரல்கள் பக்கமே இருக்கட்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் விரல் உடையும்.