விண்மீன்கள் மின்னுவது ஏன்?

மார்கழி மாதத்து முன்னிரவில், பனி இறங்கத் தொடங்கும் வேளையில், ஊர்ப்புறத்துத் திறந்த வெளியில் நின்று கீழ்வானத்தை நோக்குங்கள். ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் மூன்று மீன்கள் முதலில் கண்ணிற்படும். அவ்வரிசையைத் தென்கிழக்காக அடிவானம் நோக்கி நீட்டிச் சென்றால், பனைமரங்களின் தலைக்குச் சற்று மேலே ஒரு பெரிய மீன் சுடர்வதைக் காணலாம். அதன் பெயர் சிரியசு. இரவு வானில் தோன்றும் விண்மீன்கள் அனைத்தினும் ஒளி மிக்கது அதுவே. அடிவானத்தை ஒட்டி நிற்கும்பொழுது அது ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒரு கணம் செந்நிறம் காட்டும், மறுகணம் பச்சை, அடுத்த கணம் நீலம், உடனே வெண்மை. விளக்கொளியில் வைரக்கல்லை அசைத்தாற்போல அது வண்ணங்களை வாரி இறைக்கும். முதன்முதலாகக் காண்பவர் அதனை விண்மீன் என்று நம்பமாட்டார். வானூர்தியின் விளக்கு என்பார். பறக்கும் தட்டு என்று கூறி அஞ்சியோரும் உளர்.

இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அதே மீனை மீண்டும் பாருங்கள். அது வானில் உயர ஏறியிருக்கும். செம்மையும் பச்சையும் நீலமும் எங்கே போயின? மீன் வெண்மையாக ஒளிர்கின்றது. சிறிதளவு நடுக்கம் உண்டு. ஆயினும் முன்பு கண்ட ஆரவாரம் இல்லை.

இதற்கிடையில் சிரியசில் நிகழ்ந்த மாறுதல் யாது? அதன் ஒளி நம்மை வந்தடைய எட்டரை ஆண்டுக்குச் சற்று மேலாகின்றது. அத்தனை தொலைவில் உள்ள ஒரு ஞாயிறு, நம் ஊரில் தான் உதிக்கும் வேளை பார்த்து நடுங்கி, உயர ஏறியதும் அடங்குமோ? அன்றியும், நமக்கு அது அடிவானத்தில் நின்று துள்ளும் அதே நேரத்தில், பசிபிக்குப் பெருங்கடலில் உள்ள பிசித் தீவுகளில் வாழ்வார்க்கு அது தலையுச்சிக்கு அருகில் நிற்கும். ஒரே மீன் ஒரே நேரத்தில் இங்கே கலங்குவதும் அங்கே அமைதியாக ஒளிர்வதும் எவ்வாறு இயலும்? ஆகவே, நடுக்கம் மீனுடையதன்று. மீனுக்கும் நமக்கும் இடையே உள்ள ஏதோ ஒன்று அதற்குக் காரணமாதல் வேண்டும்.

தம் ஒளியில் மெய்யாகவே ஏறி இறங்கும் விண்மீன்களும் உண்டு என்பதனை இங்கே சொல்லிவிட வேண்டும். திருவாதிரை மீன் 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வழக்கத்தைவிடப் பெரிதும் மங்கியது. ஆனால் அத்தகைய மாறுதல்களுக்கு நாள்களும் திங்கள்களும் செல்லும். நாம் ஆராய்வதோ ஒரு நொடிக்குள் பன்முறை நிகழும் துடிப்பை.

இக்கேள்வி பழைமையானது. கிரேக்கப் பேரறிஞர் அரிசுட்டாட்டில் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதனை எண்ணிப் பார்த்தார். நம் பார்வை மிகத் தொலைவில் உள்ள விண்மீன்களை எட்ட முயலும்பொழுது வலிவிழந்து நடுங்குகின்றது என்றும், கோள்கள் அருகில் இருத்தலின் அவற்றைக் காணும்பொழுது அவ்வாறு நடுங்குவதில்லை என்றும் அவர் கருதினார். நடுக்கம் மீனுடையதன்று என்பதனை அவர் சரியாகவே உணர்ந்தார். பழியை மட்டும் கண்ணின்மேல் சுமத்திவிட்டார். பழிக்குரியது காற்றாகும்.

காற்று தெளிவானது, கண்ணுக்குப் புலனாகாதது என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் சித்திரை மாதத்து நண்பகலில் நீண்ட தார்ச்சாலையைப் பாருங்கள். சாலைக்கு அப்பால் உள்ள மரங்களும் வண்டிகளும் நீரில் தோன்றும் நிழல்போல் நெளியும். செங்கற்சூளையின் மேலே தெரியும் பொருள்களும் அவ்வாறே ஆடும். சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குறைகின்றது. குளிர்ந்த காற்று அடர்ந்து நிற்கின்றது. அடர்த்தி மாறும் இடங்களில் ஒளிக்கதிர் தன் நேர்வழியை விட்டுச் சற்று வளைகின்றது. இதனை ஒளிவிலகல் என்பர். பாத்திரத்தில் நீர் ஊற்றியதும் அடியிலுள்ள காசு மேலெழுந்து தோன்றுவதும் இதனாலேயே. நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகுதி. சூடான காற்றுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் உள்ள வேறுபாடு மிக நுண்ணியது. எனினும் விண்மீனின் கதிர் பல கிலோமீட்டர் உயரமுள்ள காற்றினூடே வருதலின், அந்நுண்ணிய வளைவுகளே போதுமானவை.

காற்று முழுவதும் ஒரே வெப்பநிலையில் அடுக்கடுக்காக அமைதியுற்று நின்றால் மீன் நடுங்காது. ஆனால் அது ஒருபொழுதும் அவ்வாறு நிற்பதில்லை. வெம்மையும் தண்மையும் கலந்த சிறுசிறு சுழிகள் அதில் நிறைந்துள்ளன. சில சுழிகள் கையகலம் உடையவை. சில பல மீட்டர் அகன்றவை. ஒவ்வொன்றும் வலிமையற்ற ஒரு கண்ணாடி வில்லையைப் போன்றது. காற்றோட்டம் இவ்வில்லைகளை ஓயாது இழுத்துச் செல்கின்றது.

இதன் பயனைக் கண்ணாரக் காண வேண்டுமானால், வெயில் நேரத்தில் தெளிந்த குளத்தின் கரையில் நில்லுங்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும் படியின்மேல் ஒளியால் பின்னிய வலை ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். நீரின் மேலெழும் சிற்றலைகள் கதிரவன் ஒளியை ஓரிடத்தில் குவிக்கின்றன, மற்றோரிடத்தில் பரப்புகின்றன. குவிந்த இடம் வலையின் நூலாகவும், பரந்த இடம் வலையின் கண்ணாகவும் தோன்றுகின்றன. அப்படியின்மேல் கிடக்கும் ஒரு நத்தை மேல்நோக்கிப் பார்த்தால், ஒளிநூல் தன்மேல் படும்போது கதிரவன் பளிச்சிடுவதையும், அந்நூல் விலகும்போது மங்குவதையும் உணரும். நாமும் அந்நத்தையின் நிலையில்தான் இருக்கின்றோம். காற்றுக்கடலின் அடியில் நாம் வாழ்கின்றோம். சிரியசின் ஒளியும் இத்தகைய வலையாகவே நிலத்தின்மேல் விழுகின்றது. மிக மெல்லிய ஒளியாதலின் அவ்வலை நமக்குத் தெரிவதில்லை. ஆனால் இருளில் விரிந்த கண்மணியின் வாயில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலமே உடையது. ஒளிநூல் அதனைக் கடக்கும்பொழுது மீன் சுடர்கின்றது. இருட்கண் கடக்கும்பொழுது மீன் ஒடுங்குகின்றது. இதுவே மின்னுதல். முழுச் சூரிய கிரகணத்தின்போது, கதிரவன் மறைவதற்குச் சற்று முன்பும் வெளிப்பட்ட சற்றுப் பின்பும், வெள்ளைத் துணியின்மேல் நெளிநெளியான நிழற்கோடுகள் ஓடுவதைக் கண்டோர் உண்டு. அவ்வேளையில் கதிரவன் மெல்லிய ஒளிக்கீற்றாகச் சுருங்கிவிடுதலால், வெறும் கண்ணுக்குப் புலனாகாத காற்றுவலை சிறிது நேரம் புலனாகின்றது.

அவ்வாறாயின் வியாழனும் வெள்ளியும் ஏன் மின்னுவதில்லை? நம் முன்னோர் விண்ணிற் சுடர்வனவற்றை நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் பிரித்து அறிந்திருந்தனர். இன்றும், மின்னாது நிலைத்து ஒளிர்வது கோள் என்று சிறுவரும் கூறுவர். இதற்குக் காரணம் தோற்ற அளவேயாகும். சிரியசு நம் ஞாயிற்றினும் பெரியது. ஆயினும் தொலைவினால் வெறும் புள்ளியாகத் தோன்றுகின்றது. இரண்டரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஏறத்தாழ 860 கிலோமீட்டர் தொலைவில் வைத்தால், அது எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ அவ்வளவே சிரியசின் வட்டம். வியாழனோ, அதே நாணயத்தை ஏறத்தாழ 130 மீட்டர் தொலைவில் வைத்தாற்போன்ற வட்டம் உடையது. வெறும் கண்ணுக்கு அதுவும் புள்ளியே. ஆனால் காற்றுக்கு அது புள்ளியன்று. அவ்வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே மின்னுகின்றது. ஒன்று மங்கும்பொழுது மற்றொன்று சுடர்தலால், மொத்த ஒளி மாறுவதில்லை. அடிவானத்துக்கு மிக அருகில் வந்தால் கோள்களும் சிறிது நடுங்குவதுண்டு. அங்கே காற்றின் வலிமை அத்தகையது.

அவ்வலிமையின் அளவையும் அறிந்துகொள்ளலாம். தலையுச்சியில் நிற்கும் மீனின் ஒளி கடந்துவரும் காற்றை ஒரு பங்கு என்று கொள்வோம். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும் மீனின் ஒளி இரண்டு பங்கு காற்றைக் கடக்கின்றது. 10 பாகை உயரத்தில் அது ஐந்தரைப் பங்கை மிஞ்சும். அடிவானத்தை ஒட்டியோ ஏறத்தாழ 38 பங்கு. உதிக்கும் சிரியசு துள்ளுவதும், உயர்ந்த சிரியசு அடங்குவதும் இதனாலேயே என்பது விளங்கும்.

இனி வண்ணங்களைக் காண்போம். வெண்மை என்பது தனி நிறமன்று. சிவப்பு முதல் ஊதா வரையுள்ள நிறங்களின் கூட்டம். முப்பட்டைக் கண்ணாடி அக்கூட்டத்தைப் பிரித்துக் காட்டும். காற்றும் ஒரு வலிமை குன்றிய முப்பட்டைக் கண்ணாடியே. அது நீலக்கதிரைச் செங்கதிரினும் சற்று மிகுதியாக வளைக்கின்றது. ஆகவே, தாழ்ந்து நிற்கும் மீனிலிருந்து நம் கண்ணை வந்தடையும் செங்கதிரும் நீலக்கதிரும் ஒரே வழியில் வருவதில்லை. மேற்காற்றில் அவற்றின் வழிகள் ஒரு சாணோ ஒரு முழமோ விலகியிருக்கும். செங்கதிர் ஒரு சுழியின் வழியாகவும் நீலக்கதிர் வேறு ஒரு சுழியின் வழியாகவும் வருகின்றன. செங்கதிர் குவிந்து, நீலக்கதிர் சிதறிய கணத்தில் மீன் சிவக்கின்றது. நிலை மாறிய கணத்தில் நீலமாகின்றது. பலர் ஒருங்கே பாடும்பொழுது ஒவ்வொருவர் குரலாக மாறி மாறி ஓங்கினால் பாட்டு எவ்வாறு ஒலிக்குமோ, அவ்வாறு மீனின் வெண்மை கலைந்து கலைந்து கூடுகின்றது. மீன் உயர ஏறியபின் எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே வழியில் வருகின்றன. ஒருங்கே ஓங்கி ஒருங்கே ஒடுங்குகின்றன. அப்பொழுது மின்னுதல் உண்டு, வண்ணம் இல்லை.

மங்கிய மீன்கள் வண்ணம் காட்டாமைக்குக் காரணம் நம் கண்ணே. ஒளி குறைந்த பொருளின் நிறத்தைக் கண்ணால் அறிய இயலாது. திருவாதிரை மீனுக்கு ஒளி மிகுதி, ஆயினும் அதன் ஒளி இயல்பாகவே செம்மை சார்ந்தது, நீலம் குறைவு. ஆதலின் சிரியசைப் போன்ற பல்வண்ணக் காட்சியை அது தருவதில்லை.

இவ்வண்ண மாற்றத்தைக் காண ஓர் எளிய வழி உண்டு. கையடக்கமான முகக்கண்ணாடியில், தாழ்ந்து நிற்கும் சிரியசின் பிம்பத்தைப் பிடியுங்கள். பின்னர்க் கண்ணாடியை மெல்லச் சுழற்றி ஆட்டுங்கள். புள்ளியாகத் தோன்றிய மீன் ஒளிக்கோடாக நீளும். அக்கோடு ஒரே நிறமாயிராது; செம்மணியும் பச்சைமணியும் நீலமணியும் இடையிடையே கோத்த மாலைபோல் தோன்றும். கணத்துக்குக் கணம் மாறிய நிறங்கள் இடத்துக்கு இடம் பிரிந்து நிற்பதே இதன் காரணம். அதே முறையில் வியாழனைப் பாருங்கள். அறுபடாத ஒரே நிறக் கோடுதான் கிடைக்கும்.

தென்வானில் மற்றொரு மீனும் நம் கவனத்துக்கு உரியது. ஒளியில் சிரியசுக்கு அடுத்தது அகத்தியர் பெயர் கொண்ட மீன். அது சென்னையில் 24 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. கன்னியாகுமரியிலும் 29 பாகையைச் சற்றே தாண்டும். ஆகவே தமிழ்நாட்டில் நின்று அதனைக் காண்பவர் எவரும் இரண்டு பங்கு காற்றினூடேதான் காண்கின்றார். ஆத்திரேலியாவின் சிட்னி நகரில் அது 70 பாகைக்கு மேல் உயர்ந்து நின்று அடக்கமாக ஒளிர்கின்றது. நாம் அறிந்த அகத்தியமீனும் அவர்கள் அறிந்த மீனும் ஒன்றே எனினும், காட்சி ஒன்றன்று.

மின்னும் மீன் நமக்கு இன்பம் தருவது, வானூலாருக்கோ பெருந்துன்பம். தொலைநோக்கி மீனைப் பெரிதாக்கும்பொழுது அதன் நடுக்கத்தையும் பெரிதாக்குகின்றது. 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பலோமர் மலையில் 5 மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி வேலை தொடங்கியது. மிக மங்கிய விண்பொருள்களின் ஒளியை அது திரட்டித் தந்தது. ஆனால் உருவத்தின் கூர்மையில், காற்றின் கலக்கத்தினால், அது ஒரு சாண் அகலமுமில்லாத சிறு தொலைநோக்கியை அதிகம் விஞ்ச முடியவில்லை. எத்துணை உழைப்பு! எத்துணைப் பொருட்செலவு! காற்று அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

நியூட்டன் 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஒளியியல் நூலிலேயே இத்தடையைக் குறித்திருந்தார். உயர்ந்த மலையுச்சியின் அமைதியான காற்றே இதற்கு மருந்தாகலாம் என்றும் கருதினார். வானாராய்ச்சி நிலையங்கள் மலைகளை நாடிச் சென்றமைக்கு இது முதன்மையான ஒரு காரணம். கலிபோர்னியாவின் ஆமில்டன் மலைமேல் லிக் நிலையம் 1888இல் பணி தொடங்கியது. நம் நாட்டில் சவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டு, அதனை அமைக்கப் பாடுபட்ட வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. இலடாக்கின் ஆன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் மற்றொரு தொலைநோக்கி 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக விண்ணொளியைக் கண்டது. 1990இல் அபிள் தொலைநோக்கி காற்றுக்கு அப்பாலேயே அனுப்பப்பட்டது. அங்கே எந்த மீனும் மின்னுவதில்லை.

எல்லாத் தொலைநோக்கிகளையும் விண்ணுக்கு ஏற்றுதல் இயலாது. வேறு ஒரு வழியை அமெரிக்க வானூலார் பாப்காக்கு 1953இல் எடுத்துரைத்தார். காற்று ஒளியைக் கோணலாக்குமானால், அதற்கு எதிரான கோணலை ஆடியிலே உண்டாக்கிவிட்டால் என்ன என்பது அவர் கருத்து. அன்று அதனைச் செய்து முடிக்கக் கருவிகள் இல்லை. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது கைகூடியது. மெல்லிய ஆடி ஒன்று ஒரு நொடியில் பல நூறு முறை தன் வடிவை நுட்பமாக மாற்றிக் காற்றின் கலக்கத்தை ஈடு செய்கின்றது. நம் பால்வீதியின் நடுவே, நாற்பது இலட்சம் ஞாயிறுகளின் நிறையுள்ள கண்காணாப் பொருள் ஒன்றினைச் சுற்றி விண்மீன்கள் விரைவதை இம்முறையால் தொடர்ந்து அளந்த இரைனார்டு கென்செல், ஆண்டிரியா கெசு ஆகிய இருவரும் 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஆடி எவ்வாறு வளைய வேண்டும் என்பதனை அறிய, ஆராயும் இடத்துக்கு அருகிலே ஒளிமிக்க மீன் ஒன்று வேண்டும். இல்லாவிடில், மஞ்சள்நிற லேசர்க் கதிரை விண்ணை நோக்கிச் செலுத்துகின்றனர். நிலத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுக்கள் அருகிப் பரந்துள்ளன. கதிர் பட்டதும் அவை ஒளிர, அங்கே ஒரு செயற்கை மீன் தோன்றுகின்றது. கீழிறங்கி வரும் அதன் ஒளியும் காற்றில் கலங்குகின்றது. அக்கலக்கத்தை அளந்தே ஆடியை வளைக்கின்றனர்.