நகலில் விழும் முத்திரையும் ஒரு சாட்சியம்தான்! குடியேற்ற விண்ணப்பத்துக்கு ஆவணம் தயாரிப்போர் கவனத்திற்கு

ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலையும் நேரத்தில், கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு நம்மிடம் வரும் இளைஞர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். "ஹஜ்ரத், ஆஸ்திரேலியாவுக்கு அப்ளை பண்றோம். இந்த நிகாஹ் சர்டிபிகேட் ஜெராக்ஸ்ல ஒரு சீல் மட்டும் போட்டுக் கொடுங்க" என்பார்கள். "மூலச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டால், "அது வீட்ல இருக்கு. எங்களைத் தெரியாதா உங்களுக்கு?" என்று மனம் வருந்துகிறார்கள்.

தெரியும். ஆனால் முத்திரை கேட்பது நம் அறிமுகத்துக்கு அல்ல, நம் கண் பார்த்ததற்கு. இந்த வேறுபாடு புரியாததால்தான் பல குடும்பங்கள் பணத்தையும் மாதங்களையும் இழக்கின்றன. சிலர் சென்று சேரும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார்கள். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சான்றொப்பமிட்ட நகல் என்றால் என்ன?

மூல ஆவணத்தையும் நகலையும் அதிகாரம் பெற்ற ஒருவர் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு, "இது நான் பார்த்த மூல ஆவணத்தின் உண்மையான நகல்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் நகலின் மீதே எழுதிக் கையொப்பமிடுகிறார். அதோடு அவருடைய முழுப் பெயர், பதவி, பதிவு எண், தேதி, தொடர்பு விவரம், முத்திரை ஆகியவையும் இருக்க வேண்டும். வெறும் வட்ட முத்திரையும் புரியாத ஒரு கிறுக்கலும் போதாது. எங்கோ ஒரு நாட்டில் அமர்ந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரி, கையொப்பமிட்டவர் யார் என்பதை அந்தத் தாளிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு சாட்சியம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். எழுத்தையும் சாட்சியத்தையும் இவ்வளவு பெரிதாகக் கருதும் சமுதாயம், பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதித் தரும்படி ஒருவரிடம் கேட்கலாமா?

மூன்று வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

ஒன்று, சுய சான்றொப்பம். 2014க்குப் பிறகு இந்தியாவில் பல அரசு வேலைகளுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் விண்ணப்பதாரரே நகலில் கையொப்பமிட்டால் போதும் என்றாகிவிட்டது. அது உள்நாட்டு வசதி. வெளிநாட்டு அமைப்பு ஒன்று சான்றொப்பமிட்ட நகல் கேட்டால், நம் கையொப்பம் அங்கே செல்லாது.

இரண்டு, நோட்டரி சான்று. 1952ஆம் ஆண்டின் நோட்டரிச் சட்டப்படி அரசு நியமித்த வழக்கறிஞர் தருவது இது. வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் கேட்கப்படுவதும் இதுவே. வளைகுடாவில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். இலங்கைச் சகோதரர்கள் சமாதான நீதவானிடம் செல்வது வழக்கம். ஆனால் விண்ணப்பத்தைப் பெறும் அமைப்பு அவரை ஏற்கிறதா என்று அதன் பட்டியலில் பார்த்த பிறகே செல்லுங்கள்.

மூன்று, அப்போஸ்டில். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி, ஒரு பொது ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று இது. இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும் செய்தி உண்மை என்று இது சொல்வதில்லை.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. அத்தா துபாய் போனபோது பட்டச் சான்றிதழை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று படிப்படியாக அட்டெஸ்டேஷன் செய்து அனுப்பினார்கள். அதே நினைவில், மகன் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் ஏஜென்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து எல்லாச் சான்றிதழிலும் முத்திரைகளை நிரப்புகிறார்கள். ஆனால் ஆஸ்திரேலிய உள்துறை, இணையவழி விண்ணப்பத்துக்கு ஆவணங்களை வண்ணத்தில் ஸ்கேன் செய்து பதிவேற்றச் சொல்கிறது. தொழில்திறனை மதிப்பிடும் அமைப்புகள் பலவும் மூல ஆவணத்தின் வண்ண ஸ்கேனையே கேட்கின்றன. சில அமைப்புகள் சான்றொப்பமிட்ட நகல் கேட்கும். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று சொல்லும் அமைப்புகளும் உண்டு. ஆகவே முதல் வேலை ஜெராக்ஸ் கடைக்குப் போவதல்ல. உங்கள் தொழிலுக்குரிய அமைப்பின் வழிகாட்டியைப் படித்து, எந்த ஆவணம் எந்த வடிவில் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான்.

பெயரும் பிறந்த தேதியும்

நம் சமுதாயத்தில் கோப்புகள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பல வழிகள் உண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பட்டத்தில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் வேறொரு மாதிரி இருக்கும். மதிப்பெண் பட்டியலில் ஒரே எழுத்தாக இருந்த இனிஷியல், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். மனைவியின் பெயரோடு ஓரிடத்தில் பேகம் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது.

இதற்கு அஞ்ச வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். இவை அனைத்தும் ஒரே நபரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் செய்து இணையுங்கள்.

பிறந்த தேதி இதைவிடக் கவனம் வேண்டிய விஷயம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஜூன் மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியை வாத்தியார் எழுதிய வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அந்தத் தேதியே மதிப்பெண் பட்டியலுக்கும் கடவுச்சீட்டுக்கும் போயிருக்கும். பிறப்புச் சான்றிதழில் உண்மைத் தேதி இருக்கும். இரண்டையும் ஒன்றுபோல் காட்ட 'புதிதாக' ஒரு சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முறையான வழி, உரிய அலுவலகங்களில் திருத்தம் செய்துகொள்வது. அதற்கு நாளாகும். அதனால்தான் விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த நாளிலேயே எல்லா ஆவணங்களையும் வரிசையாகப் பரப்பி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

நிகாஹ் சான்றிதழ்

மனைவியையும் சேர்த்து விண்ணப்பிப்பவர் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. எனவே ஜமாஅத் தந்த நிகாஹ் சான்றிதழோடு நின்றுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழையும் பெற்று இரண்டையும் இணைப்பது நல்லது. இரண்டிலும் திருமண நாள் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவேடுகள் சிலவற்றில் ஹிஜ்ரி தேதி மட்டுமே இருக்கும். அதை மொபைல் செயலியில் போட்டு நீங்களே மாற்றினால், பிறை பார்த்த கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். நிகாஹ் நடந்த பள்ளியின் பதிவேட்டைப் பார்த்து, ஜமாஅத்திடமே எழுத்தில் தெளிவு பெறுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. சேர்ந்து வாழ்ந்த காலத்தைக் கூட்டிக் காட்டுவதற்காகத் திருமண நாளை முன்தள்ளி எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்டால், சங்கடப்படாமல் மறுத்துவிடுங்கள். பள்ளியின் பதிவேடு நம் கையில் உள்ள அமானிதம். அதில் ஒரு பக்கத்தை வளைத்தால், மீதிப் பக்கங்களை யார் நம்புவார்கள்?

மொழிபெயர்ப்பு

தமிழிலோ உருதுவிலோ உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே மொழிபெயர்ப்பவர் தம் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் தமக்குள்ள தகுதி, அனுபவம் ஆகியவற்றை எழுதி ஒப்பமிட வேண்டும். கனடாவுக்கு என்றால் விண்ணப்பதாரரோ அவருடைய குடும்பத்தாரோ மொழிபெயர்க்கக் கூடாது, அவர்கள் வழக்கறிஞராகவே இருந்தாலும் சரி. மொழிபெயர்ப்போடு மூலத் தமிழ் ஆவணத்தின் நகலும் எப்போதும் சேர்ந்தே போக வேண்டும்.

நோட்டரியிடம் போகும் நாளில்

1. மூல ஆவணங்கள் அனைத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். இன்னொருவர் கையில் ஜெராக்ஸை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்.

2. பின்பக்கத்தில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் நகல் எடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் பெற்றோர் பெயரும் முகவரியும் உள்ள கடைசிப் பக்கத்தை மறக்க வேண்டாம்.

3. பல பக்க ஆவணமாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமும், மொத்தப் பக்க எண்ணிக்கையும் கேட்டு வாங்குங்கள்.

4. எழுதப்பட்ட வாசகம், பெயர், தேதி, முத்திரை ஆகியவை தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

5. தாளாக அனுப்பச் சொன்னால் சான்றொப்பம் உள்ள அந்தத் தாளையே அனுப்புங்கள். அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் அது வெறும் நகலாகிவிடும்.

6. மூலச் சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதீர்கள். பின்னால் அப்போஸ்டில் தேவைப்பட்டால் சிரமம்.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் இன்னொன்றையும் செய்யுங்கள். அங்கே வருமான வரிக் கணக்கு இல்லாததால், சம்பளம் வரவான வங்கி அறிக்கையும், செய்த பணிகளை விவரிக்கும் அனுபவக் கடிதமும்தான் உங்கள் ஆதாரம். கம்பெனியை விட்டு வரும்முன் வாங்கிவிடுங்கள். ஊர் வந்தபின் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்க மாட்டார்.

ஏன் இவ்வளவு கவனம்?

ஆஸ்திரேலியாவில் திறன்சார் விசாவுக்கு அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாட்கள்தான். அதற்குள் பெயர்த் திருத்தம் முடியாது. அதைவிடப் பெரியது நம்பகத்தன்மை. போலி ஆவணமோ பொய்த் தகவலோ கொடுத்ததாக முடிவானால் விசா மறுக்கப்படுவதோடு, மூன்று ஆண்டுகளுக்கு அந்தத் தடை தொடரலாம். அடையாளம் தொடர்பான குளறுபடி என்றால் பத்து ஆண்டுகள். விண்ணப்பத்தில் சேர்ந்த மனைவி, பிள்ளைகளையும் அது தொடும். கனடாவில் தவறான தகவலுக்கு ஐந்தாண்டுத் தடை. "ஏஜென்ட் செய்தார், எனக்குத் தெரியாது" என்ற பதில் பெரும்பாலும் காப்பாற்றாது. ஒப்பம் உங்களுடையது.

முதலில் சொன்ன அந்த இளைஞர்களைப் போன்றவர்களிடம் நாம் சொல்வது இதுதான்: மூலச் சான்றிதழை எடுத்து வாருங்கள், பள்ளியின் பதிவேட்டோடு ஒப்பிட்டு நம் அலுவலகச் சான்றிதழைப் புதிதாகவே தருகிறோம், பிறகு நோட்டரியிடம் செல்லுங்கள். அரை நாள் கூடுதலாகும். ஆனால் எந்த அதிகாரி எந்தக் கேள்வி கேட்டாலும், கணவனும் மனைவியும் தனித்தனியே ஒரே பதிலைச் சொல்ல முடியும். அந்த நிம்மதியோடு விண்ணப்பியுங்கள். அல்லாஹ் இலேசாக்கித் தருவானாக!